மூழ்கவும் வேண்டும், மீனும் வேண்டும்: 6,000 வெள்ளிக்கு எந்தக் கயாக்?

பாயான்_பையன்:
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒன்பதாவது மாடி வீடு, காடி மைவி, சின்னக் கார்தான், கையில் 6,000 வெள்ளி (ரிங்கிட்). தூண்டில் சின்ன வயதிலிருந்து பழக்கம். போன வருஷம் டைவிங் லைசன்ஸும் எடுத்துவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கயாக் படகு பார்க்கிறேன். கடையில் மிதிக்கிற வகை ஒன்றைக் காட்டினார்கள். 12 அடி நீளம், 34 அங்குல அகலம், நாற்காலி மாதிரி உயரமான இருக்கை. எழுந்து நின்றே தூண்டில் வீசலாமாம். வாங்கட்டுமா?

கெண்டி_காத்து:
வாங்கு தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கால் மிதிக்கும், கை தூண்டிலைப் பார்க்கும். கெண்டி தீவுப் பக்கம் நீரோட்டம் இழுக்கும்போது துடுப்பு போடுகிறவன் துடுப்பை விட்டால் தூண்டில், தூண்டிலை விட்டால் துடுப்பு என்று அல்லாடுவான். நான் ஓட்டத்தை எதிர்த்து மெல்ல மிதித்துக்கொண்டே துக்குன் என்கிற கடலடித் திட்டு மேலேயே நிற்பேன். அப்பல்லோ என்கிற பல கொக்கித் தூண்டிலை இறக்கினால் கெம்போங் மீன் வரிசையாக ஏறும், அதையே உயிர் இரையாகப் போட்டால் பெரிய தெங்கிரி மீன். நாலு வருஷமாக இப்படித்தான். துடுப்புக் காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லாதீர்கள்.

பெரிங்கி_அக்கா:
தம்பி, அந்தக் கடையில் யாராவது உன்னைத் தண்ணீரிலிருந்து கயாக்குக்குள் ஏறிக் காட்டச் சொன்னார்களா? மாட்டார்கள். கடையில் தண்ணீர் கிடையாது.

மீன்பிடிக்கிறவர் கயாக்கில் ஏறுவது ஒரு முறை, கரையில். டைவ் அடிக்கிறவர் நடுக்கடலில், களைத்துப்போன பிறகு ஏற வேண்டும். எப்படி ஏறுவது என்று சொல்கிறேன். முதலில் எடைப் பட்டையைக் கழற்றிக் கயாக்குக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம் பிசிடி என்கிற மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றி, கழற்றி, கயிற்றில் மாட்டி மிதக்க விட வேண்டும். காலில் துடுப்புச் செருப்பு இருக்கட்டும். உடம்பைத் தண்ணீரில் படுக்கப் போட்டு, காலை உதைத்து, நெஞ்சு குறுக்கே விழுகிற மாதிரி ஏறிப் புரண்டு, பின்புறத்தை இருக்கையில் வைத்து, கடைசியாகத்தான் கால்கள். இதற்கு நடுப்பகுதி தாழ்வாக இருக்க வேண்டும், 28 – 29 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. உன் 34 அங்குலத்தில் பாதி உடம்பு ஏறும்போதே அந்த அலுமினிய நாற்காலி விலா எலும்பில் இடிக்கும். அதைத் தாண்டினால் மிதிகட்டை வயிற்றில் குத்தும்.

பட்டர்வொர்த்_அங்கிள்:
எனக்கு ஒரு சந்தேகம். பினாங்கில் முக்குளித்து எதைப் பார்க்கப் போகிறீர்கள்? தண்ணீர் பால் கலந்த தே தாரே மாதிரி இருக்கிறது. கையை நீட்டினால் விரல் தெரிந்தால் அதிர்ஷ்டம். தெற்கில் 2023 செப்டம்பரிலிருந்து சிலிக்கான் தீவுக்கு மண் கொட்டுகிறார்கள், அந்தப் பக்கம் கேட்கவே வேண்டாம். பவளம் பார்க்க ஆசையென்றால் பாயார் தீவுக்குப் படகில் போ. அங்கே கடல் பூங்கா, கரையிலிருந்து 2 கடல்மைலுக்குள் தூண்டிலே போடக்கூடாது. ஆக, மீன் இருக்கிற இடத்தில் தண்ணீர் தெரியாது, தண்ணீர் தெரிகிற இடத்தில் மீன் பிடிக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே கயாக் என்பதே தப்பான கேள்வி. நாலு பேர் சேர்ந்து ஒரு சம்பான் படகை வாடகைக்கு எடுங்கள், இஞ்சின் உள்ளதாக.

பெரிங்கி_அக்கா:
அங்கிள், சம்பான்காரர் உங்கள் நேரத்துக்கு வர மாட்டார், அவர் நேரத்துக்குத்தான் நீங்கள் போக வேண்டும். கலங்கல் உண்மைதான், ஒன்றிரண்டு மீட்டர் தெரிந்தாலே நல்ல நாள். ஆனால் கெண்டிப் பக்கம் மழையில்லாமல் ஒரு வாரம் ஓடி, நீரோட்டமும் அடங்கி இருக்கிற நாளில் பாறையைச் சுற்றிப் போனால் கெராப்பு மீன் இடுக்கிலிருந்து முகத்தை நீட்டுவது தெரியும். வருஷத்தில் பத்து நாள் அப்படி அமையும். அந்தப் பத்து நாளுக்கு வேண்டித்தான் நான் கயாக் வைத்திருக்கிறேன்.

அதோடு ஒரு பழைய கதை. இந்த மேலே உட்காருகிற கயாக்கே டைவிங்குக்காகப் பிறந்ததுதான். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் டிம் நீமியர் என்பவர் பழைய அலைச்சறுக்குப் பலகையைக் குடைந்து, உட்கார ஒரு பள்ளமும் டைவிங் சாமான் வைக்க ஒரு பள்ளமும் செய்தார். பிறகு அதுவே ஓஷன் கயாக் கம்பெனி ஆனது. தூண்டில் பிடிப்பான்கள் எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை.

கெண்டி_காத்து:
அக்கா, பிறந்த கதையெல்லாம் சரி. ஹோபி கயாக் கம்பெனிக்காரன் 1997இலேயே மிராஜ் மிதிப்பைக் கொண்டுவந்துவிட்டான். உலகம் எங்கேயோ போய்விட்டது. 34 அங்குலத்தில் நான் காலைத் தொங்கப் போட்டுப் பக்கவாட்டில் உட்காருவேன், ஆடாது. உங்கள் 28 அங்குலத்தில் தம்பி சிலிண்டரை எட்டிப் பிடிக்கத் திரும்பினாலே குளிக்க வேண்டியதுதான்.

கணக்கு_வாத்தி:
எல்லாரும் அகலத்தையே பேசுகிறீர்கள், எடையைக் கேட்க ஆளில்லை. தம்பி, உன் உடம்பு 82 கிலோ என்று வைத்துக்கொள். அலுமினியம் எண்பது என்கிற டைவிங் காற்றுச் சிலிண்டர் நிரப்பினால் 17. எடைப் பட்டை 6. பிசிடி, மூச்சு விடுகிற ரெகுலேட்டர் 6. நங்கூரமும் கயிறும் 2. தூண்டில், ஐஸ் பெட்டி 12. குடிநீர் 3. மொத்தம் 128 கிலோ. தாங்கும் எடை 180 என்று போட்டிருந்தால், அதில் 70 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. அது 126. இரண்டு கிலோ இப்போதே கூடுதல். நனைந்த உடுப்பையும் பிடிக்கிற மீனையும் நான் சேர்க்கவே இல்லை. வடிகால் துளை வழியாகத் தண்ணீர் மேலே ஏறி நிற்க ஆரம்பித்தால், நீ கயாக்கில் போகவில்லை, தொட்டியில் உட்கார்ந்திருக்கிறாய்.

பெரிங்கி_அக்கா:
வாத்தி சொன்னதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். கயாக் வாங்கிய இரண்டாவது வருஷம் பத்து பெரிங்கிக் கடற்கரையிலிருந்து கிளம்பி டைவ் முடித்து ஏறினேன். முன்மூடியைச் சரியாகத் திருகவில்லை. ரப்பர் வளையத்தில் ஒரு மணல் பருக்கை, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கயாக் இடது பக்கம் சாய்ந்தால் சாய்ந்தபடியே நின்றது. உள்ளே தண்ணீர் இப்படியும் அப்படியும் ஓடுகிற சத்தம், குடத்தைக் குலுக்குகிற மாதிரி. பாராசூட் இழுக்கிற படகுக்காரப் பையன் பார்த்துக் கயிறு போட்டதால் தப்பினேன். அன்றிலிருந்து கிளம்புமுன் நாக்கால் துடைக்காத குறையாக வளையத்தைத் துடைக்கிறேன்.

பட்டர்வொர்த்_அங்கிள்:
பாருங்கள், கடைசியில் காப்பாற்றியது இஞ்சின் படகு.

பாயான்_பையன்:
அக்கா, கீழே போய்விட்டால் கயாக்கை யார் பார்த்துக்கொள்வது?

பெரிங்கி_அக்கா:
நங்கூரம்தான். பத்து மீட்டர் ஆழத்துக்கு முப்பது மீட்டர் கயிறாவது விட வேண்டும். மூக்கிலோ வாலிலோ மட்டும் கட்டு. பக்கவாட்டில் கட்டினால் ஓட்டம் கூடும்போது கவிழ்த்துவிடும். கயிற்றோடு ஒரு மிதவையும் சேர்த்துக் கட்டு, நிலைமை கெட்டால் நங்கூரத்தை விட்டுவிட்டு ஓடலாம், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். டைவிங் கொடி கட்டாமல் இறங்காதே, பெரிங்கிப் பக்கம் ஜெட் ஸ்கீ ஓட்டுகிற பிள்ளைகளுக்குக் கண் தெரியாது. அந்தக் கயிற்றைப் பிடித்தே இறங்கு, அதைப் பிடித்தே ஏறு. தனியாகப் போகவே போகாதே. என் துணை என்றால் என் வீட்டுக்காரர், அவருடையது தனிக் கயாக்.

அப்புறம் விடிகாலை வானத்தைப் பார். மேற்கே கறுத்த கோடு மாதிரி சுமத்ரா என்கிற திடீர்ப் புயல்மழை கிளம்பினால் அன்றைக்குக் கயாக்கை இறக்கவே வேண்டாம்.

கெண்டி_காத்து:
இதில் அக்காவோடு சண்டை இல்லை. சுமத்ரா வந்தால் மிதித்தும் தப்ப முடியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கிண்டுவார்கள். போன வருஷம் ஜெரஜாக் தீவுப் பக்கம் கிழிந்த வலை ஒன்று என் மிதிப்புக் காற்றாடியில் சுற்றிக்கொண்டது. கத்தியால் அறுக்க முக்கால் மணி நேரம். பெரிய கப்பல் ஒன்று வேறு தூரத்தில் வந்துகொண்டிருந்தது. துடுப்பு ஒன்றைக் கட்டி வைத்திருந்ததால்தான் ஓரம் ஒதுங்கினேன். மிதி வகை வாங்கினாலும் துடுப்பு இல்லாமல் போகாதே.

கணக்கு_வாத்தி:
அந்தத் துடுப்பையும் கணக்கில் சேருங்கள், ஒரு கிலோ.

பாயான்_பையன்:
நேற்று ராத்திரி லிப்டை அளந்தேன். மூலைக்கு மூலை சாய்த்து வைத்தாலும் மூன்று மீட்டர் வரவில்லை. 12 அடி என்றால் 3.66 மீட்டர். மிதிகட்டையோடு சேர்த்து அந்தக் கயாக் 48 கிலோ என்கிறார்கள். ஒன்பது மாடி, படிக்கட்டு. என் தங்கை இப்போதே சிரிக்கிறாள்.

கெண்டி_காத்து:
சக்கர வண்டி ஒன்று வாங்கு, கீழே கார் நிறுத்துமிடத்தில் பூட்டி வை.

பாயான்_பையன்:
அண்ணே, அங்கே என் சைக்கிளே இரண்டு முறை போய்விட்டது.

பெரிங்கி_அக்கா:
தெலுக் பகாங்கில் எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவர் கொட்டகையில் மாதம் ஐம்பது வெள்ளிக்கு வைக்க விடுகிறார், என்னுடையதும் அங்கேதான் கிடக்கிறது. பழைய டைவிங் வகை ஒன்று, 27 கிலோ, பின்னால் சிலிண்டர் பள்ளத்தோடு, அவரிடம் விற்பனைக்கும் இருக்கிறது. 2,000 கேட்கிறார். மீதிப் பணத்தில் தூண்டில் பிடிப்பான் இரண்டு, நல்ல லைஃப் ஜாக்கெட், நீர் புகாத பையில் கைப்பேசி எல்லாம் வரும். நின்று வீச முடியாது, அது உண்மை. உட்கார்ந்தே ஜெனாஹாக் மீன் பிடித்திருக்கிறேன்.

கெண்டி_காத்து:
உட்கார்ந்தே பிடித்த ஜெனாஹாக் எவ்வளவு பெரிது என்று அக்கா சொல்லவில்லை, கவனித்தீர்களா.

சரி, இப்படிச் செய்வோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் மிதி கயாக்கைத் தெலுக் பகாங்குக்குக் கொண்டுவருகிறேன். தம்பி இடுப்பளவு தண்ணீரில் இரண்டிலும் ஏறிப் பார்க்கட்டும். அப்புறம் கால் எட்டாத இடத்தில்.

பெரிங்கி_அக்கா:
வா. தம்பி, 15 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றை நிரப்பிக் கொண்டுவா. சிலிண்டரைக் கரையில் உருட்ட வேண்டாம், கேனைப் பள்ளத்தில் கட்டினால் ஏறக்குறைய அதே எடை. மூன்று முறை கவிழ்த்து, மூன்று முறை ஏற வேண்டும். மூன்றாவது முறை எதில் ஏற முடிகிறதோ அதைப் பற்றிப் பேசுவோம்.

பட்டர்வொர்த்_அங்கிள்:
நானும் வருகிறேன், கரையில் உட்கார. பசியாற நாசி லெமாக் என் செலவு. கேனில் நல்ல தண்ணீராக ஊற்று தம்பி, குடிக்கவும் ஆகும்.