முதல் ஆல்பத்துல பழைய சிங்கிள்ஸை திரும்ப ரெக்கார்ட் பண்ணித்தான் போடணுமா?

கிடார்பித்து:
புது இண்டி கிடார் பேண்டோட முதல் ஆல்பம் வருதுன்னா வந்த அன்னைக்கே உக்காந்து முழுசா கேட்டுடுவேன், ஆனா ஒரு விஷயம் ரொம்ப நாளா உறுத்துது. ஒன்றரை ரெண்டு வருஷமா சிங்கிளா, அதாவது தனிப் பாட்டா, கேட்டு ஊறிப்போன பாட்டை ஆல்பத்துக்குன்னு மறுபடி ரெக்கார்ட் பண்றாங்க, டிரம்ஸ் பெருசாகி வாய்ஸ் சுத்தமாகி பழைய முரட்டுத்தனமே போயிடுது. பிளாக் கண்ட்ரி நியூ ரோடு பேண்டு 2021ல போட்ட முதல் ஆல்பத்துல மொத்தமே ஆறு பாட்டு, அதுல ஏதென்ஸ் ஃபிரான்ஸும் சன்கிளாஸஸும் 2019லயே வந்துடுச்சு, ஏதென்ஸ் ஃபிரான்ஸ்ல வரியைக் கூட மாத்திட்டாங்க. எதுக்கு இப்படி?

பேஸ்லைன்:
நாம சிங்கிள்லருந்தே கூட வர்றோம், நிறைய பேருக்கு ஆல்பம்தான் முதல் அறிமுகம். ஆர்க்டிக் மங்கீஸ் 2005ல சொந்தமா போட்ட முதல் வெளியீட்டுல இருந்த ரெண்டு பாட்டுமே 2006ல வந்த முதல் ஆல்பத்துலயும் வந்துச்சு, டெமோ (ஆல்பத்துக்கு முன்னாடி எடுத்த மாதிரி ரெக்கார்டிங்) எல்லாம் ஏற்கனவே நெட்ல சுத்திட்டு இருந்தும் பிரிட்டன்ல முதல் வாரமே 3,60,000 காப்பிக்கு மேல வித்துச்சு. நல்ல பாட்டை ஆல்பத்துல வைக்காம விட்டா அதுதான் தப்பு.

நாலாவது_ஸ்ட்ரிங்:
நானும் பேண்டுல வாசிக்கிறேன், அந்தப் பக்கத்துலருந்து சொல்றேன். முதல் சிங்கிள் கையில இருக்கிற காசுக்கு கிடைச்ச ரூம்ல ஒரே நாள்ல எடுத்ததா இருக்கும், அடுத்தது வேற இடம், வேற இன்ஜினியர். ஆல்பத்துல வரிசையா வச்சா ஒரு பாட்டுலருந்து அடுத்த பாட்டுக்குப் போகும்போது ஸ்னேர் டிரம் சத்தமே வேற ஆளு அடிச்ச மாதிரி கேக்கும், மாஸ்டரிங்ல (கடைசியா எல்லா பாட்டோட சத்தத்தையும் சீராக்குற வேலை) ஓரளவுதான் சரி பண்ண முடியும். இன்னொன்னு உரிமை. பாட்டு எழுதினவங்க உரிமை வேற, அந்த ரெக்கார்டிங்கோட உரிமை வேற, சிங்கிளை போட்ட சின்ன லேபிள் (ரெக்கார்ட் கம்பெனி) கிட்ட ரெக்கார்டிங் இருந்தா புது லேபிள் அதை கேட்டு வாங்கணும், இல்லன்னா திரும்ப வாசிக்கணும். அதோட மேடையில தொடர்ந்து வாசிச்சு வாசிச்சு பாட்டே மாறியிருக்கும், பழைய ரெக்கார்டிங் பேண்டுக்கே அந்நியமா தெரியும். ஃபாண்டெய்ன்ஸ் டிசி 2019ல முதல் ஆல்பம் டோக்ரெல் பண்ணப்போ புரொட்யூசர் டேன் கேரி அவங்களை ஒண்ணா வாசிக்க விட்டு டேப்ல எடுத்தார், பழைய சிங்கிள்ஸ் அதுல இருந்தும் முரட்டுத்தனம் எங்க போச்சு? திரும்ப எடுக்குறது பிரச்சனை இல்ல, எப்படி எடுக்குறோம்ங்கிறதுதான்.

ஃபீட்பேக்77:
எல்லாம் சரி ப்ரோ, ஆனா பழசை தொடாமயும் ஜெயிச்சிருக்காங்களே. ஸ்குவிட் பேண்டு 2021ல முதல் ஆல்பம் பிரைட் கிரீன் ஃபீல்டு போட்டப்போ அவங்களுக்கு பேர் வாங்கித் தந்த ஹவுஸ்பிளாண்ட்ஸ் சிங்கிளையே வைக்கல. டிரை கிளீனிங் பேண்டு 2019ல ரெண்டு ஈபி (ஆல்பத்தை விட சின்ன வெளியீடு) போட்டிருந்தும் முதல் ஆல்பம் நியூ லாங் லெக்ல ஒரு பழைய பாட்டு கிடையாது. கையில சரக்கு இருக்குங்கிற தைரியம் அது, எனக்கு அந்த மாதிரி பேண்டுகளைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

கிடார்பித்து:
@நாலாவது_ஸ்ட்ரிங் உரிமை விஷயம் இப்பதான் புரிஞ்சுது, நன்றி. டோக்ரெல் நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. ஆனாலும் சன்கிளாஸஸ் பழைய வெர்ஷன்தான் எனக்கு, அதுல யாரு சொன்னாலும் மாற மாட்டேன். ஆல்பம் வந்ததும் பழசை ஸ்ட்ரீமிங்லருந்து தூக்காம ரெண்டையும் விட்டு வைங்கன்னுதான் பேண்டுகள் கிட்ட கேக்கத் தோணுது.

நாலாவது_ஸ்ட்ரிங்:
அது பேண்டு கையில மட்டும் இல்லயே, ரெக்கார்டிங் யாரு கிட்ட இருக்கோ அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. பிடிச்ச சிங்கிளை பேண்ட்கேம்ப்ங்கிற பாட்டு விக்கிற சைட்டுல காசு கொடுத்து டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, அப்புறம் யார் தூக்கினாலும் ஃபைல் உங்க கிட்டயே இருக்கும்.