சீனியர் குடியிருப்புக்கு வந்தாச்சு, ஆனால் இன்னும் ஒட்டவில்லை

புதுக்குடித்தனம்:
வணக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் மனைவியும் முதியோருக்கான குடியிருப்பு ஒன்றுக்கு வந்துவிட்டோம். வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் வந்த வாரமே தோட்டக் குழுவில் சேர்ந்துவிட்டாள், இப்போது வெளியே இறங்கினாலே அவளை நிறுத்திப் பேச ஆள் இருக்கிறது, என்னைப் பார்த்தால் “அவங்க வீட்டுக்காரர்தானே” என்கிறார்கள். நோட்டீஸ் போர்டு நிறைய யோகா, கேரம், பாட்டு, ஓவியம், சுற்றுலா என்று ஒட்டியிருக்கிறார்கள், எதில் சேர்வதென்று தெரியவில்லை. பெரிய தலைவலி சாப்பாட்டுக்கூடம்தான். ஆளுக்கு ஓர் இடம் என்று எழுதாத சட்டம், காலி நாற்காலியில் உட்காரப் போனால் “அங்கே வேறொருத்தர் வருவார்” என்பார்கள். இடம் கிடைத்து உட்கார்ந்தாலும் எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே பிடிபடுவதில்லை, நானும் சும்மா சிரித்துவைக்கிறேன். ஆபீஸில் நான் இப்படி இருந்ததில்லை. சுற்றுலாவுக்குப் பேர் கொடுக்கலாமென்றால் பஸ்ஸில் பாத்ரூம் கவலை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சிவப்புக்காய்:
சார், ஆபீஸில் கையில் வேலை இருந்தது, அதைச் சாக்கிட்டுப் பேச்சும் வந்தது. இங்கேயும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலக அலமாரியை அடுக்குவது, படம் போடும் நாளில் புரொஜக்டரைப் பார்த்துக்கொள்வது, வினாடிவினாவுக்குக் கேள்வி எழுதுவது, எதுவாக இருந்தாலும் சரி, நாலு பேர் உங்களைத் தேடி வரவேண்டும். இந்த “புதியவர்களை வரவேற்போம்” கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது, பெயர் சொல்லிக் கைகுலுக்கியதோடு சரி, மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்புறம், கேரம் விளையாடுங்கள். பலகையின் ஆடுகளம் 74 செ.மீ. சதுரம்தான், நாலு பேர் அதைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்தாக வேண்டும், பேச்சு நின்றுபோனாலும் யாருக்கும் சங்கடமில்லை, அடுத்த ஆட்டக்காரர் ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறிபார்த்துக்கொண்டிருப்பார்.

ஜன்னலோரம்:
மேலே சொன்னது சரிதான், ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. சிரிப்பு ஏன் என்று பிடிபடவில்லை என்கிறீர்களே, அது கூச்சம்தானா? காதைச் சோதித்துப் பார்த்தீர்களா? வயதானால் முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். க, ச, த போன்ற மெய்யொலிகள் தெளிவில்லாமல் போய் உயிரொலிகள் மட்டும் நன்றாகக் கேட்கும், அதனால் பேசுவது காதில் விழும், என்ன பேசினார்கள் என்பது விளங்காது. தட்டும் கரண்டியும் சத்தம் போடும் கூடத்தில் இன்னும் மோசம். தனி அறையில் ஒருவரோடு பேசும்போது குறை ஒன்றும் தெரியாது என்பதால் நமக்கே சந்தேகம் வராது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024இல், மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகள் மறதி நோய் அபாயத்தைக் கூட்டுகின்றன என்று பட்டியல் போட்டது, அதில் காது மந்தமும் இருக்கிறது, தனிமையும் இருக்கிறது. ஒன்று இன்னொன்றில் கொண்டுபோய் விடும் என்பதை என் வீட்டுக்காரரிடம் பார்த்திருக்கிறேன். சோதனை முடியும்வரை கூடத்தில் சுவருக்கு முதுகு காட்டி, சமையலறைக் கதவிலிருந்து தள்ளி உட்காருங்கள். பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழும் இடமாக இருக்கட்டும், உதட்டைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

பைனாகுலர்:
சுற்றுலா பற்றி மட்டும் நான். பேர் கொடுக்கும் முன் வண்டி எங்கெங்கே நிற்கும், இறங்கிய இடத்தில் உட்காரப் பெஞ்ச் உண்டா, படி எத்தனை என்று கூச்சப்படாமல் கேளுங்கள், நீங்கள் கேட்டால் வாய் திறக்காத இன்னும் பத்துப் பேருக்கு உபயோகம். நீர் பிரியவைக்கும் பிபி மாத்திரை சாப்பிடுபவரா? பயண நாளில் எப்போது சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள், தண்ணீர் குடிக்காமலும் இருக்காதீர்கள். வண்டி நின்றதும் சட்டென எழுந்தால் தலை சுற்றும், காலை ஆட்டிவிட்டு மெதுவாக எழுங்கள். யோகா வகுப்பையும் விடாதீர்கள், 65 வயது தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி செய்யவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். தள்ளாடாமல் நடந்தால்தான் பயணம் ருசிக்கும். எங்கள் இடத்தில் பறவை பார்க்கும் கோஷ்டி ஒன்று உண்டு, விடிந்த கையோடு கிளம்பிவிடுவோம், பேசாமல் நடப்பதுதான் அங்கே மரியாதை, கூச்சக்காரருக்கு அதைவிடச் சௌகரியம் வேறென்ன?

புதுக்குடித்தனம்:
எல்லோருக்கும் நன்றி. ஜன்னலோரம் அம்மா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், “டிவி சத்தத்தை நான் எத்தனை தடவை சொன்னேன்” என்று ஆரம்பித்துவிட்டாள். சோதனைக்கு நேரம் வாங்கியாச்சு. பைனாகுலர் சார், பறவை பார்க்க, மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு எந்தப் பைனாகுலர் சரிப்படும்?

பைனாகுலர்:
8x42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் அகலம் 42 மி.மீ. பத்து மடங்கு வேண்டாம், கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடும். கண் வைக்கும் வளையத்தைத் திருகி உள்ளே இறக்கிவிட்டால் மூக்குக்கண்ணாடியோடே பார்க்கலாம். வாங்கும் முன் யாரிடமாவது இரவல் கேட்டுப் பாருங்கள், எங்கள் கோஷ்டியில் ஆளுக்கு இரண்டு வைத்திருக்கிறார்கள்.