பயோஏரோசால்: அவசரமாக ஒரு சொல் வேண்டும்

மு.: அன்பர்களே, கோழி, பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கொட்டகைக் காற்றில் மிதக்கும் பாக்டீரியா, பூஞ்சை வித்து, காய்ந்த எச்சத்தின் தூள், இறகுத் துணுக்கு எல்லாம் அடங்கிய பயோஏரோசாலுக்கு என்ன போடலாம்? இப்போதைக்கு 'உயிர்த்தூசி' என்று வைத்திருக்கிறேன்.

வே.: தூசி வேண்டாம். பழந்தமிழில் தூசி என்றால் படையின் முன்னணி. தூசு என்றால் ஆடை. 'வளிநுண்ணுயிரி' நல்ல தமிழ்.

செ.: ஐயா, கொட்டகை கூட்டுகிறவர் தூசி என்று படித்துவிட்டுப் படையைத் தேடமாட்டார். வளி மட்டும் என்ன, குறளில் 'வளிமுதலா எண்ணிய மூன்று' வாதம்தானே? அப்புறம், நுண்ணுயிரி என்றால் பாதி விட்டுப்போகும். கிராம்-நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியா செத்த பிறகும் அதன் செல்சுவரிலுள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு மூச்சுக்குழாயில் அழற்சி உண்டாக்கும். ஆய்வகத் தட்டில் வளர்த்து எண்ணினால் செத்தது கணக்கில் வராது. நுரையீரலுக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

வே.: அப்படியானால் உயிர் போனது வெறும் மெய். 'உயிர்மெய்த்துகள்' என்றால் இரண்டும் அடங்கும். தொல்காப்பியரே மறுக்கமாட்டார்.

கா.: கால்நடை மருத்துவம் கற்பிக்கிறேன். தேர்வில் அதைக் கேட்டால் பையன்கள் க, ஙா என்று எழுதி வைப்பார்கள். என் கவலை அளவுதான். தூசி என்றதும் கண்ணுக்குத் தெரிவதையே நினைக்கிறார்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சையின் வித்து 2 முதல் 3 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். நுரையீரலின் கடைசியிலுள்ள காற்று நுண்ணறை வரை போய்விடும். பூஞ்சை பிடித்த வைக்கோலை உதறிவிட்டு, தூசி அடங்கியதும் முகக்கவசத்தைக் கழற்றுகிறார்கள். 'உயிர்நுண்துகள்' என்று போடுங்கள்.

வே.: துகளுக்குக் குற்றம் என்றும் பொருளுண்டு.

செ.: பண்ணைக்காரரிடம் அதையும் சொல்லலாம்! ஆனால் கொட்டகையை நீர் பீய்ச்சிக் கழுவும்போது கிளம்பும் திவலை துகளாகுமா?

கா.: உலர்ந்தால் துகள்தான். பெரும்பாலும் சீக்கிரமே உலர்ந்துவிடும்.

மு.: சரி, நேரமில்லை. முதல் இடத்தில் 'காற்றில் மிதக்கும் உயிர்நுண்துகள்கள்', பிறகு 'உயிர்த்துகள்'. அளவு பற்றி ஒரு வரி அடியில் சேர்க்கிறேன். மூவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வே.: செத்ததை உயிர் என்பதற்கு என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்டோடாக்சினை ஏன் அப்படியே விட்டீர்கள்? 'அகநஞ்சு' இருக்கிறதே.