நார்வே வடக்கில் மாதவாரியாக எவ்வளவு குளிரும்? குடும்பம் சனிக்கிழமை கிளம்புகிறது, அவசரம்

புதுவரவு: வணக்கம். நார்வேயின் வடகோடியில் ஒரு சின்ன ஊருக்கு வேலைக்கு வந்து சில வாரம்தான் ஆகிறது. மனைவியும் பையனும் சனிக்கிழமை கிளம்புகிறார்கள். அவள் இப்போது தி.நகரில் ஒரு கடையில் நின்றுகொண்டு எந்த ஜாக்கெட் எடுக்கட்டும் என்று போன் மேல் போன் போடுகிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட வேலை செய்பவர் -40 போகும் என்கிறார், இணையத்தில் ஜனவரிக்கு -4 என்று போட்டிருக்கிறது. எது நிஜம்? சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

காரஷோக்வாசி: -40 நிஜம்தான். நான் கடலைவிட்டுத் தள்ளி, உள்நாட்டில் காரஷோக் என்ற ஊரில் இருக்கிறேன், இங்கே ஜனவரி சராசரியே -15ஐ ஒட்டி வரும். 1886 ஜனவரி 1 அன்று இங்கே பதிவான -51.4தான் இன்றுவரை நார்வேயின் சாதனை. முதல் குளிர்காலத்தில் மூச்சை இழுத்தால் மூக்குமுடி உறைந்து குத்தும், காரும் கிளம்பாது. காரை எடுக்கும் முன் என்ஜின் ஹீட்டரை பிளக்கில் மாட்டிவைக்க வேண்டும் என்று காரை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் கார் ஹீட்டரைப் பாருங்கள்.

கரையோர அக்கா: தம்பி, பிள்ளையோடு வாறவரை இப்படி வெருட்டாதேங்கோ. நாங்கள் தொண்ணூறுகளில் கடற்கரை ஊரான வர்தோவில் மீன் தொழிற்சாலையில் நின்ற ஆட்கள். அங்கே -20 தொடுவதே அபூர்வம். வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டத்தால் துறைமுகம் உறையாது. ஆனால் காற்று! -5இல் நொடிக்கு 15 மீட்டர் காற்றடித்தால் உடம்புக்கு -15தான். நாள் முழுக்க மீன் வெட்டி ரப்பர் கையுறைக்குள் விரல் விறைத்துப்போய், வீட்டுக்கு வந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கக்கூட ஏலாது. ஒருத்தரும் அந்த நாட்களில் எங்களுக்கு ஜாக்கெட் பற்றிச் சொல்லித்தரவில்லை.

காரஷோக்வாசி: அக்கா, காற்று இல்லாத -35 என்றால் என்னவென்று ஒரு வாரம் இங்கே இருந்து பாருங்கள். இதே ஊரில் ஜூலையில் 25ஐத் தாண்டும் நாளும் உண்டு, கூடவே கொசுவும்.

ஓஸ்லோ மாமா: குளிரைச் சமாளிக்கலாம், இருட்டுதான் ஆளைத் தின்கிறது. நம் சனம் எல்லாம் ஓஸ்லோவுக்கு இறங்கியது சும்மாவா? கோயில், தமிழ்ப் பள்ளி, கறிவேப்பிலை, எல்லாம் இங்கேதான். தம்பியும் இங்கே வேலை தேடுவது நல்லது.

கரையோர அக்கா: எல்லாரும் இறங்கினபடியால்தான் அங்கே ஊர்கள் வெறிச்சோடுது. 2023 ஆகஸ்டிலிருந்து இந்த வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கில் பாலர் பள்ளிக்குக் கட்டணமே இல்லை, அதையும் சொல்லுங்கோவன்.

வடக்கன்: அவர் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லையே. கரையா, உள்நாடா? பையனுக்கு என்ன வயது?

புதுவரவு: மன்னிக்கவும், வர்தோ. பையனுக்கு நாலு வயது.

வடக்கன்: சரி, அப்படியென்றால் நீங்கள் பார்த்த -4 சரியான கணக்குதான். ஜனவரி, பிப்ரவரி அதை ஒட்டி இருக்கும், பனி மே வரைக்கும் கிடக்கும், ஜூலை சராசரியே 10 பக்கம்தான், ஆகவே கோடைக்கென்று தனி உடுப்பு வாங்கச் சொல்லாதீர்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி இரண்டாம் பாதி வரை சூரியன் எழாது. முழு வட்டமும் தெரிகிற அன்று கோட்டையில் பீரங்கி முழங்கும், பள்ளிக்கு விடுமுறை.

தி.நகரில் ஜாக்கெட் எடுக்க வேண்டாம், கடையை விட்டு வரச் சொல்லுங்கள். அங்கிருந்து பருத்தி உள்ளாடையும் வேண்டாம், வேர்வையில் நனைந்தால் குளிர் ஏறும். இங்கே மெரினோ கம்பளி உள்ளாடை இரண்டு செட், பையனுக்குத் தலையிலிருந்து கால்வரை ஒரே துண்டான காற்றுப் புகாத உடை, கம்பளிச் சாக்ஸ் போட இடம் இருக்கும்படி ஒரு சைஸ் பெரிய பூட்ஸ். பழைய பொருள் விற்கும் ஃபின் (finn.no) தளத்தில் பழையது நல்லதாகவே கிடைக்கும். பாலர் பள்ளியில் தினமும் வெளியே விளையாட விடுவார்கள், அதனால் கையுறை நாலைந்து ஜோடி வேண்டும். உங்கள் இருவருக்கும் பூட்ஸில் மாட்டும் ஆணிப்பட்டை, பனியைவிட வழுக்குப் பாறையாக உறைந்த தெருதான் எலும்பை முறிக்கும். வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், வர்தோவின் ஸ்வார்ட்னெஸ் விமான நிலையத்துக்கு வருவது சின்ன விமானம், காற்றடித்தால் ரத்தாகும், வழியில் ஓர் இரவு தங்க நேரலாம். பையனின் ஸ்வெட்டர், தொப்பி, மாற்று உடுப்பு, மருந்து எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட வேண்டாம். வெள்ளிக்கிழமையே யிஆர் (yr.no) வானிலைத் தளத்தில் காற்றின் வேகத்தைப் பார்த்து அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.