புதுப்பிப்பு: எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ வேலை செய்யவில்லை – தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பயிற்சிக்காக எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் ‘உறுப்பினர்’, ‘இரவல்’ என்று இரண்டு டேபிள் போட்டிருந்தேன். இரவலில் ஃபாரின் கீ (இங்கே வரும் எண் ‘உறுப்பினர்’ டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு) கொடுத்தும், இல்லாத உறுப்பினர் எண் 999-ஐ எந்த எர்ரரும் காட்டாமல் ஏற்றுக்கொண்டது.

டேபிளில் தப்பில்லை. பழைய புரோகிராம்கள் கெடக்கூடாது என்று எஸ்க்யூலைட் இந்தச் சோதனையை அணைத்தே வைத்திருக்கிறது. இரண்டாவது பதிலில் சொன்ன ‘பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்’ என்ற கட்டளையைக் கொடுத்ததும் 999 உள்ளே வரவில்லை. டேபிளை அழித்துத் திரும்பப் போடும் யோசனை பலிக்கவில்லை.

எதிர்பாராதது: மறுநாள் பைத்தானில் திறந்தால் பழைய கதைதான்! டேட்டாபேஸைத் திறக்கும் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் அதைப் புதிதாகக் கொடுக்க வேண்டுமாம். அப்புறம், ஏற்கெனவே நுழைந்த தப்பான வரிசைகளை அது தொடாது. ‘பிராக்மா ஃபாரின்_கீ_செக்’ ஓட்டியதில் மூன்று சிக்கின, கையாலேயே அழித்தேன்.