மாமா வீட்டுப் பரணில் கிடைத்த செல்டா போனஸ் டிஸ்க்: பாலிஷ் போடலாமா?

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் எங்கள் மாமா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம் என்று போன வாரம் பரணைக் காலி பண்ணினோம். கொலுபொம்மைப் பெட்டிக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் ஊதா நிற கேம்கியூப் (நின்டெண்டோவின் வீடியோ கேம் மெஷின்). மாமா அமெரிக்காவில் வேலையை விட்டு 2005-ல் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. அந்தக் கோடை லீவு முழுக்க நானும் மச்சானும் (மாமா பையன், இப்போது கனடாவில் இருக்கிறான்) அதன் முன்னாடியேதான் உட்கார்ந்திருந்தோம்.

பெட்டிக்குள் விண்ட் வேக்கர் என்ற செல்டா கேமின் கேஸ் இருந்தது, ஆனால் அதற்குள் டிஸ்க் இல்லை. தனி கேஸில் ஒகரீனா ஆஃப் டைம், மாஸ்டர் குவெஸ்ட் என்ற இரண்டு செல்டா கேமும் சேர்ந்த போனஸ் டிஸ்க் மட்டும் இருந்தது. கையேடும் இருக்கிறது, ஓரத்தில் கறையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. டிஸ்கின் பின்பக்கம் மெல்லிசாக நாலைந்து கீறல், அப்புறம் ஒரு இடத்தில் பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. பஜார் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். மெஷினில் பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும், 150 ரூபாய் என்றார்கள். பிறகு அவர்களே, வேண்டாம், 500 தருகிறோம், கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

இது ஒரிஜினல்தானா? அபூர்வமானதா? பாலிஷ் போடலாமா? இன்னும் எதையும் ஆன் பண்ணிப் பார்க்கவில்லை.

குடியாத்தம்64:

முதலில் ஒன்று. அந்த கேம்கியூபோடு வந்த அடாப்டரை நம் ஊர் பிளக்கில் நேராகச் செருகிவிடாதீர்கள். அதன் முதுகில் படித்துப் பாருங்கள், இன்புட் 120 வோல்ட் என்று இருக்கும். நம் வீட்டில் 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், இல்லையென்றால் 12 வோல்ட், 3.25 ஆம்பியர் தருகிற, அதே முனை உள்ள வேறு அடாப்டர் வேண்டும். மாமா அந்தக் காலத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்டியிருப்பார், பரணிலேயே செங்கல் கனத்தில் ஒரு பெட்டி கிடக்கிறதா பாருங்கள்.

ஒரிஜினலா என்று பார்ப்பது சுலபம். டிஸ்கின் பளபளப்பான பக்கத்தைத் திருப்பி, நடு ஓட்டையைச் சுற்றி உள்ள வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பார்கோடு மாதிரி நெருக்கமாகச் சின்னச் சின்னக் கோடுகள் தெரியும். அது அச்சடித்தது இல்லை, தொழிற்சாலையில் லேசரால் வெட்டியது. வீட்டில் ரைட் பண்ணிய டிஸ்கில் அது வராது, பின்பக்கமும் வெள்ளியாக இல்லாமல் ஊதா சாயலில் இருக்கும்.

அபூர்வமா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், இது கோடியில் ஒன்று கிடையாது. 2003-ல் அமெரிக்காவில் விண்ட் வேக்கரை முன்பதிவு செய்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது. ஐரோப்பாவில் விண்ட் வேக்கரோடு சேர்த்து இரண்டு டிஸ்காகவே வந்தது. ஆனால் நம் பக்கம், வேலூர் மாவட்டத்தில், கேஸும் கையேடுமாக ஒன்று இருக்கிறது என்று நான் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை. விற்றே ஆகவேண்டும் என்றாலும் 500-க்குக் கொடுக்காதீர்கள்.

ஆம்பூர் ரெட்ரோ:

பாலிஷ் வேண்டவே வேண்டாம் நண்பா. நான் பட்டவன், அதனால் சொல்கிறேன். என்னிடம் ஒரு ரேஸ் கேம் டிஸ்க் இருந்தது, இரண்டே கீறல், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆசைப்பட்டு ஒரு இடத்தில் மெஷினில் கொடுத்தேன். அது பெரிய டிஸ்குக்கு உள்ள மெஷின், கேம்கியூப் டிஸ்க் 8 செ.மீ.தான், சரியாகப் பிடிக்காமல் ஓரம் முழுக்கப் புகை படிந்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதற்கப்புறம் ஒரு நாள்கூட அது ஓடவில்லை. பாலிஷ் என்பது மேல் பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுப்பது, எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

மெல்லிய கீறலைப் பெரும்பாலும் கேம்கியூபே தாண்டிப் படித்துவிடும். பிசுபிசுப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் லிக்விட், மெல்லிய பருத்தித் துணி. நடுவிலிருந்து வெளி ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைக்கவேண்டும், வட்டமாகத் தேய்க்கக்கூடாது. வட்டக் கீறல் விழுந்தால் டேட்டா போகிற பாதையோடவே போகும், அதுதான் ஆபத்து.

இன்னொன்று, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் என்றால் மே மாதத்தில் அது அடுப்புதான். வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. பிரதிபலிக்கிற அடுக்கு அரித்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்கை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் ஊசிக்குத்து மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரியக்கூடாது. இனிமேல் அதைப் பரணில் ஏற்றாதீர்கள், துணி பீரோவில் நிமிர்த்தி வையுங்கள்.

கோட்டை வாசல்:

விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், அந்த டிஸ்கில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே! ஒகரீனா 1998-ல் நின்டெண்டோ 64 என்ற முந்தின மெஷினுக்கு வந்தது. அதற்கே இன்னொரு வடிவத்தை 64டிடி என்ற டிஸ்க் டிரைவுக்காகத் தயார் பண்ணினார்கள். அந்த டிரைவ் ஜப்பானைத் தாண்டவேயில்லை, அங்கேயும் எடுபடவில்லை. அதனால் அந்த உழைப்பு வெளியே வராமலே கிடந்து, பிறகு மாஸ்டர் குவெஸ்ட் என்ற பெயரில் இந்த டிஸ்கில்தான் வந்தது. கதை அதே கதை, ஆனால் உள்ளே போகிற கோயில்கள், குகைகளின் புதிரெல்லாம் மாற்றிப் போட்டது. பெரிய மீனின் வயிற்றுக்குள் போவோமே, அங்கே சுவரில் மாடுகள் பாதி உடம்பு புதைந்து நிற்கும், உண்டிகோலால் அந்த மாட்டை அடித்தால்தான் அடுத்த வேலை நடக்கும். எப்படித்தான் யோசித்தார்களோ என்று நான் அசந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். 2011-ல் 3டிஎஸ் என்ற கையடக்க மெஷினில் வந்த மாஸ்டர் குவெஸ்ட் இடவலமாகத் திருப்பிப் போட்டது, நமக்கு விழுகிற அடியும் இரண்டு மடங்கு. திருப்பாத பழைய வடிவத்தை டிஸ்கில் கையில் பிடிக்கவேண்டும் என்றால் உங்களிடம் இருக்கிற இதுதான்.

விற்பதற்கு முன்னால் மச்சானுக்கு ஒரு போன் போடுங்கள்.

பாலாற்றங்கரை:

அண்ணா, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி துடைத்தேன். பிசுபிசுப்பு போய்விட்டது, பழைய ஸ்டிக்கர் பசை போல. உள்வளையத்தில் கோடுகள் இருக்கின்றன, தலைமுடி கனத்தில், சாய்த்தால்தான் தெரிகிறது. டியூப்லைட்டில் பார்த்தேன், புள்ளி எதுவும் இல்லை.

மச்சானிடம் பேசினேன். விற்கவே கூடாது என்று விட்டான். அவன் கேட்ட முதல் கேள்வி மெமரி கார்டு இருக்கிறதா என்பதுதான். அந்த லீவில் ஒகரீனாவின் நீர்க் கோயிலில் பாதி தாண்டி சேவ் பண்ணப் போகும்போது கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து ஆடி, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி 2 மணிக்குத்தான் முடித்தோம். கார்டு இருக்கிறது, அவன் எழுத்திலேயே என் பெயரும் அவன் பெயரும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆனால் இத்தனை வருடம் கழித்து அதில் பேட்டரி செத்திருக்குமே?

குடியாத்தம்64:

தம்பி, அந்த கார்டில் பேட்டரியே கிடையாது, ஃபிளாஷ் மெமரி. கேம்கியூபுக்குள் ஒரு காசு பேட்டரி இருக்கும், அது கடிகாரத்துக்கு மட்டும். அது போனாலும் சேவ் போகாது.

டிரான்ஸ்ஃபார்மர் தேடி அலைய வேண்டாம். என்னிடம் அமெரிக்காவில் வாங்கிய பழைய வீ (கேம்கியூபுக்கு அடுத்து வந்த நின்டெண்டோ மெஷின்) இருக்கிறது, 2006 மாடல். கேம்கியூப் டிஸ்கும் ஓடும், மேலே மூடியைத் திறந்தால் கன்ட்ரோலருக்கும் மெமரி கார்டுக்கும் இடம் உண்டு. உங்கள் டிஸ்கும் அமெரிக்க டிஸ்க் என்பதால் ரீஜன் பிரச்சினை (ஒரு நாட்டு டிஸ்க் வேறு நாட்டு மெஷினில் ஓடாதது) வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி வந்துவிடுங்கள், கன்ட்ரோலரையும் எடுத்து வாருங்கள், என்னுடையதில் ஸ்டிக் தேய்ந்துவிட்டது.

பாலாற்றங்கரை:

வருகிறேன் அண்ணா. மச்சானும் வீடியோ காலில் வருகிறேன் என்றான். அவனுக்கு அப்போது நடுராத்திரி, பரவாயில்லை என்கிறான்.