புதுப்பிப்பு: மின்தடைக்குப் பின் இயங்காத கணினி

மின்சாரம் போய்த் திரும்பியதிலிருந்து என் கணினி இயங்கவில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். பழுது, பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளையில்தான் இருந்தது.

அதை மதர்போர்டிலிருந்து (கணினியின் முதன்மைப் பலகை) முழுவதுமாகக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கிய நிலையில் மதர்போர்டு இல்லாமலே அது இயங்குவதற்காக அதன் 24 பின் இணைப்பியின் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்து, சுமைக்கு ஒரு பழைய மின்விசிறியை மாட்டிய பிறகே மின்சாரம் கொடுத்து மல்டிமீட்டரில் அளந்தேன். 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டிய 12 வோல்ட் கம்பி 10.3 மட்டுமே காட்டியது. பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்கவில்லை, உள்ளிருக்கும் மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஆபத்தான மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும், ஆகவே தயவுசெய்து யாரும் திறக்காதீர்கள்.

புதிய பவர் சப்ளையுடன், ஹார்டு டிஸ்க் இல்லாமல், ஒரே ஒரு ரேமை (நினைவகப் பட்டை) வைத்து இயக்கியபோது திரை வந்தது. டிஸ்க்கை மாட்டியதும், எந்தச் சோதனைக்கும் முன்பாக, குடும்பப் படங்களை நகலெடுத்துவிட்டேன். இரண்டாவது ரேமை இன்றிரவு சோதிக்கிறேன்.